சிக்கிய பந்து யார் கணக்கில்?

மாணவர்கள் நடத்தும் ரோபோப் போட்டி ஒன்றை நேரில் பார்த்திருக்கிறீர்களா? மாதக்கணக்கில் உழைத்து உருவாக்கிய எந்திரம் களத்துக்குள் ஓடி வருகிறது. தரையில் கிடக்கும் பந்தைக் கவ்வுகிறது. கூடையை நோக்கி எறிகிறது. கூட்டம் கை தட்டுகிறது. எல்லாம் சரியாக நடக்கும் வரையில் நடுவருக்கு அதிக வேலை இல்லை. எண்ணத் தெரிந்தால் போதும். பந்து எங்காவது மாட்டிக்கொள்ளும்போதுதான் அவருடைய உண்மையான வேலை தொடங்குகிறது.

கூடையின் விளிம்புக்கும் பின்பலகைக்கும் நடுவே ஒரு பந்து அசையாமல் நிற்கிறது. அல்லது எந்திரத்தின் வயிற்றுக்குள் போன பந்து வெளியே வர மறுக்கிறது. கடிகாரமோ நிற்காமல் ஓடுகிறது. ஒரு குழு நடுவரைக் கெஞ்சும் கண்களோடு பார்க்கிறது. எதிர்க்குழுவும் அவரையே பார்க்கிறது, ஆனால் வேறு விதமாக. இப்போது அவர் என்ன செய்ய வேண்டும்?

'கையால் எடுத்துப் போட்டால் தீர்ந்தது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?' என்று நீங்கள் கேட்கலாம். பெரியவர்கள் பலரும் அப்படித்தான் கேட்கின்றனர். என் கருத்து வேறு. சிக்கிய பொருளைக் கையால் எடுத்துவிடும் நடுவர், தாம் அறியாமலே ஆட்டக்காரர்களுள் ஒருவராகி விடுகிறார். எடுக்கலாமா கூடாதா என்பதை அவருடைய இரக்கம் தீர்மானிக்கக் கூடாது. அந்தப் பொருள் எதனால் சிக்கியது என்ற காரணம் தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானமும் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

எந்திரங்களைச் செய்து மோதவிட்டுப் பாடம் கற்பிக்கும் முறை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1970-களில் புகழ் பெறத் தொடங்கியது. வுடி ஃபிளவர்ஸ் என்ற பேராசிரியர் நடத்திய வடிவமைப்பு வகுப்பில், மாணவர்களுக்கு ஒரே மாதிரியான சாமான்கள் அடங்கிய பெட்டி கொடுக்கப்படும். அதிலிருப்பதைக் கொண்டு எந்திரம் செய்து, வகுப்புத் தோழனின் எந்திரத்தோடு மோத வேண்டும். பிறகு 1989-இல் டீன் கேமன் என்னும் கண்டுபிடிப்பாளர் 'ஃபர்ஸ்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் முதல் போட்டி 1992-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மான்செஸ்டர் நகரில், ஓர் உயர்நிலைப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. வந்த குழுக்கள் 28. இன்று அது பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. ஆண்டுதோறும் ஆட்டம் மாறும். ஆட்டப் பொருளும் மாறும். 2023-இல் கூம்பும் கனசதுரமும். 2024-இல் நுரை வளையம். 2025-இல் பிளாஸ்டிக் குழாயும் பெரிய பந்தும். பொருள் எத்தனை முறை மாறினாலும் சிக்கிக்கொள்ளும் குணம் மட்டும் மாறியதே இல்லை!

அது ஏன்? இங்கே நம் பாடப்புத்தகத்து உராய்வு வந்து நிற்கிறது.

இரண்டு பலகைகள் புனல்போல் ஒன்றையொன்று நெருங்கிச் செல்கின்றன எனக் கொள்வோம். நடுவே ஒரு பந்தைத் தள்ளுகிறோம். ஒவ்வொரு பலகையும் பந்தின் மீது தன் பரப்புக்குச் செங்குத்தான விசையைச் செலுத்துகிறது. அந்த விசையின் ஒரு கூறு பந்தை அகன்ற பக்கமாக வெளியே தள்ளப் பார்க்கிறது. உராய்வு அதைத் தடுக்கிறது. எது வெல்லும்? கணக்கிட்டுப் பார்த்தால் விடை மிக எளிது. பலகைகளுக்கு இடைப்பட்ட கோணத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டேன்ஜென்ட் மதிப்பு உராய்வுக் கெழுவைவிடக் குறைவாக இருந்தால் பந்து அங்கேயே நிற்கும். உராய்வுக் கெழு 0.6 என்றால் அரைக்கோணம் ஏறத்தாழ 31 பாகை. அதாவது, 62 பாகைக்குக் குறைவான எந்த இடுக்கும் அந்தப் பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வழவழப்பான கெட்டிப் பிளாஸ்டிக் பந்துக்குக் கெழு 0.2 என்றால், இடுக்கு 22 பாகை அளவுக்குக் குறுகினால்தான் ஆபத்து.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எவ்வளவு பலமாகத் தள்ளினோம் என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை. பலமாகத் தள்ளினால் செங்குத்து விசை கூடும். அதே விகிதத்தில் உராய்வும் கூடும். எனவே மாட்டிக்கொண்ட பந்தை மேலும் உள்ளே தள்ளினால் மேலும் இறுகும். களத்தில் பதற்றத்தோடு விசைப்பலகையை அழுத்தும் மாணவன் செய்வது பெரும்பாலும் இதைத்தான். நுரைப் பந்தாக இருந்தால் இன்னும் மோசம். அது நசுங்கி உள்ளே போய், விரிய முயன்று, சுவர்களைத் தானே அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

பல பந்துகளை ஒரு தொட்டியில் நிரப்பிக் கீழ்வழியே விடும்போது வேறொரு தொல்லை. மாவு மில்லில் பார்த்திருப்பீர்கள். மேலே தொட்டி நிறைய அரிசி இருக்கும். கீழே ஒன்றும் விழாது. மில்காரர் தொட்டியின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டுவார், சரசரவென்று இறங்கும். உள்ளே நடந்தது என்ன? துளைக்கு மேலே சில அரிசிமணிகள் தோளோடு தோள் சேர்ந்து ஒரு வளைவு கட்டிவிட்டன. கல்பாலங்களின் வளைவைப் போன்றதே அதுவும். மேலிருந்து எடை ஏற ஏற வளைவு இறுகும். துளையின் அகலம் பொருளின் விட்டத்தைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு இருந்தால் இந்த வளைவு உண்டாவது மிக அரிதாகிவிடுகிறது. இரண்டு மூன்று மடங்கே இருந்தால் அடிக்கடி உண்டாகும். மேசைப் பந்தாட்டப் பந்தின் விட்டம் 4 சென்டிமீட்டர். அதற்கு 20 சென்டிமீட்டர் அகலத் துளை வைக்க எந்தச் சிறிய ரோபோவில் இடமிருக்கிறது? ஆகவே விவரம் தெரிந்த குழுவினர் தொட்டிக்குள் சுழலும் ஒரு குச்சியை வைத்துக் கிளறிக்கொண்டே இருப்பார்கள்.

மில்காரர் தட்டிய அந்த ஒரு தட்டை மறந்துவிடாதீர்கள். என் வாதமே அதில்தான் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளிகளுக்கிடையே நடந்த ஒரு போட்டியில் நானும் நடுவர்களுள் ஒருவனாக இருந்தேன். மேசை மீது சிதறிக் கிடக்கும் பந்துகளை எந்திரம் வாரித் தன் தொட்டியில் சேர்த்து, குழாய் வழியே பெட்டியில் கொட்ட வேண்டும். ஒரு பெண்கள் பள்ளிக் குழுவின் எந்திரத்தில், நான் மேலே சொன்ன கிளறி இருந்தது. அதற்கென ஒரு சிறு மோட்டார், அதற்கென மின்கலம்; அதனால் எடை கூடி, எந்திரம் மெதுவாகவே நகர்ந்தது. எதிரில் நின்ற எந்திரம் இலேசானது, வேகமானது, கிளறி கிடையாது. அது முதலில் வந்து நிறையப் பந்துகளை வாரியது. கொட்டும் நேரத்தில் ஒரு பந்தும் விழவில்லை. அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து என் அருகிலிருந்த நடுவருக்கு மனம் பொறுக்கவில்லை. மேசையின் விளிம்பை இரண்டு விரலால் தட்டினார். அவ்வளவுதான். பந்துகள் கொட்டின. அந்தக் குழு இரண்டு பந்து வித்தியாசத்தில் வென்றது.

ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெண்கள் குழுவிலிருந்து ஒரு மாணவி வந்தாள். அழவில்லை, சண்டையும் போடவில்லை. "சார், தட்டிவிடுவீங்கன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க அந்த மோட்டாரே வெச்சிருக்க மாட்டோமே" என்றாள்.

தட்டிய நடுவர் நல்லவர். எந்தப் பள்ளிக்கும் வேண்டியவர் அல்லர். 'ஒரு சின்னத் தட்டுத்தானே' என்றுதான் அவர் நினைத்திருப்பார். ஆனால் இயற்பியல்படி அது சின்னத் தட்டு அன்று. வளைவு கட்டிய பந்துகளைத் தாங்கி நிற்பது நிலை உராய்வு. ஓர் அதிர்வு வந்ததும் தொடும் இடங்களில் அழுத்தம் ஒரு கணம் தளர்கிறது. ஒரு பந்து நழுவுகிறது. வளைவு முழுவதும் சரிகிறது. அந்த எந்திரத்தில் இல்லாமற்போன உறுப்பு எதுவோ அந்த உறுப்பின் வேலையை நடுவரின் விரல் செய்து கொடுத்துவிட்டது. மற்றக் குழு அதே வேலைக்காக எடையாலும் வேகத்தாலும் விலை கொடுத்திருந்தது. தலைமை நடுவர் முடிவை மாற்றவில்லை. மாற்றுவதென்றால் எதை வைத்து மாற்றுவது? விதித்தாளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

விளையாட்டுகளில் இந்தத் தொல்லை புதிதன்று. அடித்த பந்து மட்டையாளரின் காலுறைக்குள்ளோ சட்டைக்குள்ளோ போய் மாட்டிக்கொண்டால் கிரிக்கெட்டில் அது செத்த பந்து. அதற்கு மேல் ஓட்டமும் இல்லை, ஆட்டமிழப்பும் இல்லை. கூடைப்பந்தில் வளையத்துக்கும் பலகைக்கும் இடையே பந்து சிக்கினால், 'அடுத்த முறை யாருக்கு' என்று மாறிமாறிக் காட்டும் அம்புக்குறி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்த அணிக்குப் பந்து. கோல்ஃப் ஆட்டத்திலோ, புதருக்குள் போய்விட்ட பந்தை ஆடமுடியாது என்று நீங்களே சொல்லி வெளியே எடுத்து வைத்துக்கொள்ளலாம்; ஆனால் ஓர் அடி உங்கள் கணக்கில் ஏறும். ஒன்றில் யாருக்கும் இலாபமில்லை. ஒன்றில் முறை வைத்துப் பங்கீடு. ஒன்றில் விலை கொடுத்து விடுதலை. மூன்றிலும் நடுவரின் மனநிலைக்கு இடமே இல்லை, பார்த்தீர்களா?

ரோபோப் போட்டிகளிலும் நல்ல விதிகள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது ரோபோகப் ஜூனியர் கால்பந்தாட்டத்தில் உள்ள ஒன்று. அதில் எந்திரங்களை யாரும் இயக்குவதில்லை. அவை தாமே பந்தைத் தேடி ஆடுகின்றன. இரண்டு எந்திரங்கள் முட்டிக்கொண்டு நடுவே பந்து அகப்பட்டுக்கொண்டால், 'முன்னேற்றம் இல்லை' என்று நடுவர் அறிவித்து உரக்க எண்ணத் தொடங்குகிறார். எண்ணி முடிப்பதற்குள் பந்து விடுபடாவிட்டால், அதை எடுத்துக் களத்தில் குறித்து வைத்துள்ள பொதுப் புள்ளிகளில் அருகில் எது காலியாக இருக்கிறதோ அங்கே வைத்துவிடுகிறார். குற்றம் யாருடையது என்ற ஆராய்ச்சியே இல்லை. உரக்க எண்ணுவது மிகவும் முக்கியம் என்று நினைக்கிறேன். மனத்துக்குள் எண்ணும் நடுவர் ஒரு குழுவுக்கு மூன்று விநாடியும் மற்றொரு குழுவுக்கு ஏழு விநாடியும் கொடுத்துவிடக் கூடும், அவருக்கே தெரியாது.

சிறுவர்களுக்கான ஃபர்ஸ்ட் லெகோ லீக் போட்டியில் வேறு வழி. அங்கே எந்திரம் தானே ஓடும். தன் இருப்பிடத்துக்கு வெளியே அது மாட்டிக்கொண்டால், மாணவர்கள் கையால் எடுத்துவரத் தடையில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு வில்லையைப் பறிகொடுக்க வேண்டும். 2021-22 பருவத்தின் விதிப்படி தொடக்கத்தில் கையில் ஆறு வில்லைகள். ஆறும் மிஞ்சினால் 50 புள்ளி. ஐந்து மிஞ்சினாலும் 50 புள்ளிதான்! நான்கு என்றால் 35, மூன்று என்றால் 25 என்று இறங்கிக்கொண்டே போகும். முதல் தவறுக்கு மன்னிப்பு, இரண்டாவதிலிருந்து விலை. இரக்கத்தையும் விதிக்குள்ளேயே எழுதி வைக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. மயிரிழை வித்தியாசத்தில் எப்பக்கமும் முடிவு சொல்ல முடியாதபோது ஐயத்தின் பலன் குழுவுக்கே என்றும் அந்தப் போட்டியில் ஒரு விதி இருக்கிறது. எல்லாக் குழுவுக்கும் அது ஒன்றுபோல் கிடைக்கிறது என்பதால் அதையும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

கல்லூரி மாணவர்கள் மோதும் ஆசிய-பசிபிக் ரோபோகான் போட்டியிலோ, நடுவரிடம் கேட்டு எந்திரத்தைத் தொடக்க இடத்துக்குக் கொண்டுபோய் மறுபடி முயலலாம். கடிகாரம் மட்டும் நிற்காது, நேரம்தான் விலை. 2022-இல் புதுடில்லியில் நடந்த அந்தப் போட்டியின் ஆட்டம் என்ன தெரியுமா? லகோரி. நம் ஊரில் ஏழு கல் என்று அடுக்கி வைத்துப் பந்தால் அடித்து ஆடுவோமே, அதேதான்.

ஆனால் எல்லாப் போட்டிக்கும் ஒரே விதியைத் தைத்துவிட முடியாது. களத்தில் எத்தனை பொருள்கள் இருக்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். ஃபர்ஸ்ட் போட்டியின் 2017-ஆம் ஆண்டு ஆட்டத்தில் நூற்றுக்கணக்கான சிறு பந்துகள் இருந்தன. மாணவர்கள் எந்திரத்தை இயக்கும் பகுதியில், உயரமான கோலில் மூன்று பந்து போட்டால்தான் ஒரு புள்ளி. ஒரு பந்து எங்காவது மாட்டிக்கொண்டால் நட்டம் மூன்றில் ஒரு பங்கு புள்ளி. யார் கவலைப்படப் போகிறார்கள்? விட்டுவிட வேண்டியதுதான். அதே ஆட்டத்தில் பற்சக்கரங்களும் இருந்தன. தேவையான எண்ணிக்கையில் அவற்றைக் கொண்டு சேர்த்தால் ஒரு சுழலி சுற்றும். சுழலி ஒன்றுக்கு 40 புள்ளி. அங்கே ஒரு பற்சக்கரம் மாட்டிக்கொண்டால் கதை வேறு.

2014-ஆம் ஆண்டு ஆட்டம் இன்னும் கடுமையானது. மூன்று பள்ளிகளின் எந்திரங்கள் சேர்ந்து ஒரு கூட்டணி. தானாக இயங்கும் தொடக்கப் பகுதி முடிந்த பின், கூட்டணிக்கு ஒரே ஒரு பந்துதான். விட்டம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். அதைத் தனியே கோலில் போட்டால் 10 புள்ளி. மூன்று எந்திரங்களும் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கடைசியில் கோலில் போட்டால் மேலும் 30 புள்ளி. அந்தப் பந்து கோலில் சேர்ந்த பிறகே அடுத்த பந்து. அழகான ஆட்டம்தான். ஆனால் பந்தை வயிற்றில் வைத்துக்கொண்டு ஓர் எந்திரம் உயிரை விட்டுவிட்டால்? ஒரு மின்கம்பி கழன்றாலே போதும். இரண்டரை நிமிட ஆட்டத்தில் மூன்று பள்ளிகளின் கையும் கட்டப்பட்டுவிடும். 54 கிலோ வரை எடையுள்ள எந்திரங்கள் பாய்ந்தோடும் களத்துக்குள் எந்த நடுவரும் இறங்கிப் பந்தை எடுக்க முடியாது. இப்படிப்பட்ட ஆட்டத்தில் மாற்றுப் பந்து கொடுக்க ஒரு வழி இருந்தே ஆக வேண்டும். கிளறி வைக்காத குழுவுக்கு உதவக் கூடாது என்று சற்று முன் சொன்ன நானே இதைச் சொல்கிறேன். கம்பி கழன்ற எந்திரம் அந்த ஒரு குழுவினுடையது. தண்டனையோ வேறு இரண்டு பள்ளிகளுக்கும் போகிறது. அவர்கள் செய்த பிழை என்ன? பிழைக்கு உரியவர் எந்திரத்தை இழந்ததே போதும்.

ஆகக் காரணத்தைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். களத்தின் குறையால் சிக்கினால் அது போட்டி நடத்துபவர்களின் பிழை. இரண்டு பலகைகளைச் சேர்த்த இடத்தில் இடைவெளி, நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, சரியாகக் கட்டாத வலை என்று எதுவாகவும் இருக்கலாம். அதற்கு எந்தக் குழுவும் விலை கொடுக்கக் கூடாது. பொருளை விடுவித்துத் தர வேண்டும். வெற்றி தோல்வியே அதனால் மாறியிருந்தால் மறு ஆட்டம் வைக்க வேண்டும். எந்திரத்தின் அமைப்பால் சிக்கினால் அது அந்தக் குழுவின் பாடு. விதியில் மறுமுயற்சிக்கு வழியிருந்தால் விலை கொடுத்து முயலட்டும். இல்லையேல் அப்படியே இருக்கட்டும். இரண்டு எந்திரங்கள் மோதிச் சிக்கினால், உரக்க எண்ணிப் பொதுப் புள்ளியில் வைப்பதே நல்லது.

எதிர்க்குழு வேண்டுமென்றே சிக்கவைத்தால் என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். நான் வகுப்பில் சொல்வதைத்தான் இங்கும் சொல்வேன்: எண்ணத்தை அளக்கும் கருவி இன்னும் வரவில்லை. பந்தை மூலையில் வைத்து அழுத்திக்கொண்டு நிற்கும் எந்திரம் எதற்காக நிற்கிறது என்று நடுவர் ஆராயத் தொடங்கினால் சண்டைதான் மிஞ்சும். எத்தனை விநாடி நின்றது என்பதை அளக்க முடியும். அதற்கு மட்டும் விதி செய்யுங்கள். 2024 ஆட்டத்தில் ஓர் எந்திரம் ஒரு நேரத்தில் ஒரு வளையத்தைத்தான் வைத்திருக்கலாம் என்பது விதி. ஏற்கெனவே ஒன்றை வைத்திருக்கும் எந்திரத்தின் தலையில், வேறு யாரோ எறிந்த வளையம் தற்செயலாக வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது? வந்து உட்கார்ந்ததற்குத் தண்டனை கூடாது. அந்த வளையத்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுத்தால் தண்டனை வேண்டும். செயலைக் கண்ணால் பார்க்கலாம். எண்ணத்தைப் பார்க்க முடியாது.

கண்ணால் பார்ப்பது என்றதும் இன்னொன்று. இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. சிக்கிய பந்தைப் படம் பிடித்துக்கொண்டு நடுவரிடம் ஓடிவருவார்கள். ஃபர்ஸ்ட் போட்டியின் பல ஆண்டு விதிநூல்களில், எங்கிருந்து வந்த படத்தையும் தலைமை நடுவர் பார்க்க மாட்டார் என்றே எழுதியிருந்தார்கள். கேள்வி கேட்க ஒரு மாணவர் மட்டுமே வரலாம். ஆசிரியரோ பெற்றோரோ வர முடியாது. முதலாவது கொஞ்சம் கடுமை என்று தோன்றுகிறது. இரண்டாவதை நம் ஊர்ப் போட்டிகள் அத்தனையிலும் நாளையே கொண்டுவர வேண்டும் என்பேன். மாணவர்களைவிட அவர்களுடைய அப்பாக்கள்தான் அதிகம் சத்தம் போடுகிறார்கள்!

'எல்லாம் சரி, இவர்கள் சிறு பிள்ளைகள். கற்றுக்கொள்ளத்தானே வந்திருக்கிறார்கள்? இவ்வளவு கறார் எதற்கு?' என்று கேட்கும் ஆசிரியர்கள் உண்டு. அவர்களுடைய அன்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஓர் ஊரிலிருந்து பேருந்து பிடித்து, அட்டைப் பெட்டியில் எந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்த குழு, முதல் ஆட்டத்திலேயே ஒரு பந்து மாட்டி ஒன்றும் செய்ய முடியாமல் திரும்புவது எனக்கும் வருத்தம்தான். அதற்கு மருந்து நடுவரின் விரலில் இல்லை. குழு ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து ஆட்டங்கள் கிடைக்கும்படி அட்டவணை போடுங்கள். ஆட்டங்களுக்கு இடையே திருத்திக்கொள்ள ஒரு மேசையும் அரை மணி நேரமும் கொடுங்கள். முதல் ஆட்டத்தில் மாட்டிய பந்து, இரண்டாவது ஆட்டத்துக்குள் ஒரு கிளறியைப் பிறப்பித்துவிடும். எந்த இடுக்கில் மாட்டியது, அதன் கோணம் என்ன என்று அளந்து பார்க்கும் அந்த அரை மணியில் உராய்வைக் கற்பதுபோல் என் வகுப்பில் ஒரு வாரத்திலும் யாரும் கற்றதில்லை. நடுவர் தட்டிவிட்ட குழுவோ பரிசு வாங்கிக்கொண்டு போயிற்று. தன் தொட்டி ஏன் அடைத்தது என்று அது கடைசி வரை கேட்கவே இல்லை.

போட்டி நடத்துபவர்களுக்கும் சில வேலைகள் உண்டு. ஆட்டப் பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு களத்தின் ஒவ்வோர் இடைவெளியிலும் செருகிப் பாருங்கள். பொருளைவிட மிகச் சிறிய இடைவெளியால் கெடுதல் இல்லை. மிகப் பெரியதாலும் இல்லை. அதன் விட்டத்துக்குச் சற்றே குறைந்த இடைவெளிதான் கொடியது. அதில் பந்து நுழையும், ஆனால் திரும்பாது. அப்படிப்பட்ட இடத்தை அட்டை வைத்து மூடிவிடலாம். பத்து நிமிட வேலை. களத்தைவிட்டு வெளியே போகும் பொருளுக்கும் முன்கூட்டியே வழி சொல்லுங்கள். வெளியேறிய இடத்துக்கு அருகிலேயே, ஆபத்தில்லாத முதல் வாய்ப்பில், களப் பணியாளர் திரும்ப வைப்பார் என்பது ஃபர்ஸ்ட் போட்டியின் வழக்கம். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

தெருவில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளைப் பாருங்கள். முதல் பந்து வீசும் முன்பே பேசிவிடுவார்கள்: எதிர்வீட்டு மாடியில் விழுந்தால் அவுட், அடித்தவன்தான் போய் எடுத்து வர வேண்டும், சாக்கடையில் விழுந்தால் இரண்டு ஓட்டம், நிற்கிற வண்டிக்கு அடியில் போனால் செத்த பந்து. தெருவுக்குத் தெரு விதி மாறும். ஆனால் பந்து மாடிக்குப் போன பிறகு விதி செய்வதை எந்தத் தெருப் பிள்ளையும் ஒப்புக்கொள்ள மாட்டான். இன்று பள்ளிகளில் அடல் ஆய்வகங்கள் வந்து, ரோபோப் போட்டிகளும் பெருகிவருகின்றன. போட்டிக்கு அழைப்பு வரும்போது விதித்தாளைக் கேட்டு வாங்குங்கள். 'பொருள் சிக்கினால்' என்று ஒரு பத்தி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போட்டிக்கு முன்பே கடிதம் எழுதிக் கேளுங்கள்.

கடைசியாக ஒரு சிறு சிக்கல். மணி அடிக்கும் நேரத்தில் பந்து பாதி பெட்டிக்குள்ளும் பாதி எந்திரத்தின் கைப்பிடியிலும் இருந்தால் புள்ளி உண்டா? பல போட்டிகளில், எல்லாப் பொருளும் அசைவற்று நின்ற பிறகே எண்ணத் தொடங்குவார்கள். அது சரியான முறை. அதற்குப் பிறகும் ஐயம் இருந்தால் ஒரு மெல்லிய தாளை எடுத்துப் பந்துக்கும் எந்திரத்துக்கும் நடுவே செருகிப் பார்க்கலாம். தாள் தடையின்றிப் போனால் பந்தைப் பெட்டி தாங்கி நிற்கிறது, புள்ளி உண்டு. தாள் நின்றுவிட்டால் எந்திரம் இன்னும் பந்தை விடவில்லை; புள்ளி இல்லை. தாளைச் செருகும்போது இரண்டு குழுவிலிருந்தும் ஒருவரை அருகே நின்று பார்க்கச் சொல்லுங்கள். மேசையை மட்டும் யாரும் தொட வேண்டாம்.